மாரலி துரையைக் கேட்டால் மயிலாப்பூரில் என்ன கொடுப்பார்கள்

இது மொத்தமே இரண்டு நாள் பயணம். போன ஜூன் மாதத்தில் ஒரு திங்கள், ஒரு செவ்வாய். அனுப்பி வைத்தவள் என் மகள் சௌமியா. இங்கிலாந்தின் வடக்கே, பழைய பஞ்சாலை ஊர் ஒன்றில் குடியிருக்கிறாள். அப்போது நிறைமாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும், ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே காலை பதினொன்றரைக்கு நேரம் குறித்தார்கள். நமக்கு அது மாலை நான்கு மணி.

என் மனைவி ஒரு மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் விசா தாமதமாகி, ஆபரேஷன் முடிந்து பதினான்காம் நாள்தான் டிக்கெட் கிடைத்தது. கோவை வீட்டில் தனியாக இருந்து, வேளைக்கு நாலு தரம் போன் போட்டு அவர்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் சௌமியா சொன்னாள்: "அப்பா, சும்மா உக்காந்து பயந்துட்டு இருக்காதீங்க. உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். மெட்ராஸ் போய் எங்க ஊர்ப் பெரியவரைத் தேடிட்டு வாங்க."

அவர்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு சிலை இருக்கிறது. ஜோசையா மாரலி. தறிக்காரர் மகன். எட்டு வயதில் ஆலைக்குள் போய், ஓடுகிற எந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து அறுந்த நூலை முடிந்தவர். வளர்ந்தபின் ஒரு துணி வியாபாரக் கம்பெனி இவரை மனைவியோடு மெட்ராஸுக்கு அனுப்பியது. சில வருஷம் அடையாற்றங்கரையில் இருந்தார். திரும்பிப் போய்ச் சொந்த ஆலை வைத்தார், மெட்ராஸுக்கென்றே வெள்ளைத் துணி நெய்து பெரும் பணக்காரரானார், பிறகு லிபரல் கட்சியில் நின்று பாராளுமன்றத்துக்குப் போனார். இதெல்லாம் அந்த ஊர் நூலகம் போட்ட சிறு புத்தகத்தில் இருக்கிறது. கடைசி வரி இப்படி முடிகிறது: மெட்ராஸின் ஏழைகளுக்கு ஆடை கொடுத்த இவர் பெயரை இன்றும் அந்நகரத் தெருக்களில் சொல்கிறார்கள்.

சும்மா அளந்துவிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். யார் எதைச் சொன்னாலும் நூலை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். சரி, போய்ப் பார்த்துவிடலாம்.

திங்கள் காலை ரயில், மதியம் இரண்டு மணிக்கு சென்ட்ரல். லஸ் பக்கத்தில் ஒரு லாட்ஜ், ஏசி இல்லாத அறை 1,100 ரூபாய், மெத்தை பரவாயில்லை. மாலை ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்து தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். நாலு கிலோமீட்டருக்கு 150 ரூபாய் கேட்டார், 130க்கு இறங்கினார். அந்தத் தெருவில் நடப்பதற்குக் கால் தேவையில்லை, கூட்டமே கொண்டுபோய் விடும். முதல் மூன்று கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "மாரலியா? புது பிராண்டா சார்? ஆன்லைன்ல பாருங்க" என்றான் ஒருவன்.

நான்காவது கடை பட்டுக்கடை. ஐம்பது வயதிருக்கும் சேல்ஸ்மேன் ஒருவர் கல்யாணப் புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மாரலி என்று நான் சொன்னதும் கை அப்படியே நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"மெதுவா சார். மொகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவங்க ஒக்காந்துகினு கீறாங்க. அந்தப் பேர இங்க சொல்லக் கூடாது."

"ஏனுங்க?"

"மைலாப்பூர் கச்சேரி ரோடாண்ட போங்க. வெள்ளத்துணி பாய் கடைன்னு கேளுங்க. இங்க வாணாம் சார், ப்ளீஸ்."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் தாயார் காதில் விழுந்திருக்க வேண்டும். மடியில் இருந்த சிவப்புப் புடவையைத் தள்ளிவிட்டு, வேறே எடுங்க என்றாள். எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இரண்டு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

செவ்வாய் காலை ஏழரைக்கு அடையாறு. லஸ்ஸிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 140. ஆற்றங்கரையில் மாமரங்கள் சூழ்ந்த தோட்ட பங்களா என்று புத்தகம் சொன்ன இடத்தைத் தேடினால் அடுக்குமாடிகள்தான் நிற்கின்றன. ஒரு வாட்ச்மேனிடம் துரை பங்களா எங்கே இருந்தது என்று கேட்டேன். "எந்தத் தொரை? மூணாவது மாடில ஒரு தொரை கீறாரு, பேங்க் மேனேஜரு. அவரா?" என்றார். அடையாறு மாரலியைக் கழுவித் துடைத்துவிட்டது. இந்தப் பகுதியை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பக்கத்துக் கடையில் இட்லி நன்றாக இருந்தது, அதோடு சரி.

பத்தரைக்குக் கச்சேரி ரோட்டில் இறங்கி, விசாரித்து, ஒரு சந்துக்குள் போனேன். போர்டு இல்லாத கடை. பத்தடி அகலம் இருந்தால் அதிகம். அடுக்கில் இருந்ததெல்லாம் வெள்ளை, வேறு நிறமே கிடையாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. துணிக்கடை என்றால் ஒரு கண்ணாடியாவது மாட்டியிருப்பார்கள் அல்லவா, இங்கே இல்லை. எழுபது வயதுப் பாய் ஒருவர் ரேடியோ கேட்டபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாரலி இருக்குங்களா?" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார். ரேடியோவை அணைத்தார். எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"யாருக்கு?"

யாருக்காக விசாரிக்கிறாய் என்று கேட்கிறார் என நினைத்தேன். "என்ற பொண்ணுக்குங்க. ஆஸ்பத்திரில இருக்கறா."

"யா அல்லா." அடுக்குப் பக்கம் திரும்பினார். "இன்னா வயசு?"

"முப்பத்தொண்ணுங்க."

"எப்போ எடுக்கறாங்க?"

ஆஸ்பத்திரி என்றதும் பிரசவம் என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது, நல்ல மனுஷர் என்று தோன்றியது. குழந்தையை எடுக்கிற நேரத்தைச் சொன்னேன். "இன்னைக்குத்தானுங்க, நாலு மணிக்கு."

"எத்தினி அடி ஒசரம்?"

மகளுக்குத் துணி கொடுக்கப் பார்க்கிறார், வியாபாரி இல்லையா. இருக்கட்டும், மாரலி துணியென்று ஒன்று கையில் கிடைத்தால் அவளும் சந்தோஷப்படுவாள். "அஞ்சே கால் அடி இருப்பாளுங்க" என்றேன்.

ஒரு கட்டை இறக்கினார். கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தார். அந்தச் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தாள். துணியை மடித்து இடது கையால் நீட்டினார். பை கொடுக்கவில்லை. நாலு மீட்டர், 240 ரூபாய். போனில் அனுப்பினேன். பணம் போன செய்தியில் நேரம் 10.43.

துணியை விரலால் தேய்த்துப் பார்த்தேன், தொழில் புத்தி. "கஞ்சி ரொம்ப ஓவருங்களே. ஒரு தண்ணி தாங்காதே."

பாய் என்னை உற்றுப் பார்த்தார். "தண்ணி எதுக்கு நைனா தாங்கணும்? தொவைக்கற துணியா இது? மய்யித்துக்குப் போர்த்தறது."

மய்யித்து என்றால் பிணம். துணியின் ஓரத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது, அதை அப்போதுதான் படித்தேன். மாரலி என்று இல்லை. நாக்கில் தேய்ந்து தேய்ந்து 'மறலி' ஆகியிருந்தது. முருகன் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். மறலி என்றால் எமன்.

"இல்லீங்க, என்ற பொண்ணு நல்லா இருக்கறா! பிரசவங்க! கொழந்தைய எடுக்கறதுங்க!" என்று கத்தினேன். பாய் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "தோபா, தோபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் என்னைவிட அதிகமாகப் பயம் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தார்.

"எங்க ஆளுங்க வழிவழியா சொல்லிகினு வர்றது. அந்தத் தொரைக்கு இங்க ஒரு பொண்ணு இருந்துச்சி. நாலு வயசு. ஜொரத்துல போயிடுச்சி. மழக்காலம், கப்பல் வரல, ஊருல வெள்ளத் துணியே இல்ல. தொரை நேரா எங்க கடைக்கு வந்து நின்னாரு. யாருக்கு தொரைன்னு கேட்டாங்க. என் பொண்ணுக்குன்னாரு. ஒரு கிழிஞ்ச ஜன்னல் துணிதான் இருந்துச்சி, அதுல சுத்தித்தான் பொதைச்சாங்க. அப்பறம் ஊருக்குப் போயி, இங்க யாருக்கும் இந்தத் துணிக்குப் பஞ்சம் வரக் கூடாதுன்னு நெய்து அனுப்பிச்சாரு. இப்ப ஈரோட்லேர்ந்து வருது, பேரும் கஞ்சிப் பக்குவமும் அவரோடது." நிறுத்தி என்னைப் பார்த்தார். "மாரலி கேட்டு, என் பொண்ணுக்குன்னு சொன்னது அவருக்கு அப்பறம் நீ மட்டுந்தான் நைனா. மத்தவங்க வாயில அது வராது. செத்துப் போச்சின்னு சொல்வாங்க, இல்லாங்காட்டி அழுவாங்க."

புத்தகத்தில் மாரலிக்குக் குழந்தைகள் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது. அதே புத்தகத்தில், பாராளுமன்றத்தில் அவர் ஏழைகளின் அடக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார், இந்த விஷயத்தில் அவருக்கு ஏனோ தனி அக்கறை என்றும் ஒரு வரி உண்டு. அந்த ஏனோவுக்குப் பதில் மயிலாப்பூர்ச் சந்தில் கிடக்கிறது. ஆனால் துக்கத்தில் நெய்த துணிக்கு எதற்கு இத்தனை கஞ்சி? நூலைக் குறைத்துக் கஞ்சியை ஏற்றினால் லாபம், துவைக்காத துணியில் அது வெளியே தெரியாது. அழுத கண்ணோடு அதையும் கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். மில்காரனான எனக்கு இது நன்றாகவே புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை.

துணியைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பேர் சொல்லிக் கிழிச்சது அடுக்குல திரும்ப ஏறாது. வூட்டுக்கும் போவக் கூடாது. வாங்கின கைதான் ஒரு மவுத்துக்கு, யாரோ ஒருத்தர் சாவுக்குக் குடுக்கணும். நாலு மணின்னு சொல்லிட்டே. அதுக்குள்ள குடுத்துடு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் மெஷின் ஓட்டிய ஆள் நான். குப்பைத் தொட்டி வரை போனேன், போட முடியவில்லை. அஞ்சே கால் அடி என்று என் வாயால் அளவு சொல்லியிருக்கிறேனே.

அடுத்த இரண்டு மணி நேரம் மயிலாப்பூரில் அந்தத் துணியோடு நடந்தேன். பை இல்லாமல் வெள்ளைத் துணி கொண்டுபோனால் இந்த ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. நெரிசலில் எனக்கு மட்டும் வழி விட்டார்கள். ஒரு மெஸ் வாசலில், "சாப்பாடு அப்பறம் சார், வேலைய முடிச்சிட்டு வாங்க" என்று பணிவாகத் தடுத்தார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் பூக்காரம்மா ஒருத்தி நான் கேட்காமலேயே பெரிய மாலை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். குளத்துப் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து, எங்காவது சாவு மேளம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, யாராவது செத்திருக்க மாட்டார்களா என்று ஏங்கினேன். என் பெண் பிழைக்க வேண்டும், அதற்கு யாராக இருந்தாலும் சரி என்று மனசு தேடியது.

ஒன்றரை மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் தானாகவே வண்டியை நிறுத்தினார். காக்கிச் சட்டை, நாற்பது வயது.

"சாவு எங்க சார்?"

"தெரியலைங்க. எங்காவது இருக்குங்களா?"

"இன்னா சார் கேக்குற நீ!" என்று முறைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "பட்னப்பாக்கத்துல எங்க ஸ்டாண்டு குமாரு அம்மா காலைல போயிடுச்சி. இன்னும் எடுக்கல. பொறந்த வூட்டுக் கோடி வரலன்னு போட்டு வச்சிகினு கீறாங்க. ஏறு."

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமான பெண் எத்தனை வயதில் இறந்தாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி வந்து மேலே விழ வேண்டும். அதைத்தான் கோடி என்கிறோம். பெரும்பாலும் அண்ணன் தம்பி கொண்டுவருவார்கள். லஸ்ஸிலிருந்து பட்டினப்பாக்கம் இரண்டரை கிலோமீட்டர். மீட்டர் போடவில்லை, இந்தச் சவாரிக்குப் பேரமும் கிடையாதாம்.

கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் குடியிருப்பு. கீழே பந்தல், ஐஸ் பெட்டி, சுற்றிலும் பெண்கள். ஆட்டோக்காரர் குமாரிடம் ஏதோ சொன்னார். குமார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தைந்து வயது ஆள், அழுது வீங்கிய முகம்.

"எங்கம்மாக்கு யாருமே இல்ல சார். பொறந்த வூடுன்னு ஒண்ணு அதுக்குத் தெரியவே தெரியாது. கோடி இல்லாம தூக்கக் கூடாதுன்றாங்க பெரியவங்க. இன்னா பண்றதுன்னே தெரில."

"எப்படிங்க தவறுனாங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சி. மீனு அரிஞ்சிகினு இருந்துச்சி. டீ குடுத்தேன். கிளாஸ் கீய வுயுந்துச்சி, பாத்தா இல்ல. பத்தே முக்கா இருக்கும்."

நான் போனை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பாய் துணியைக் கிழித்தபோது இந்த அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை பெரிய ஊரில் எந்த நிமிஷமும் யாராவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சி!" என்று ஒரு கிழவி குரல் கொடுத்தாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். என்னை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது அம்மாள், நெற்றியில் திருநீறு. துணியை உதறி, இரண்டாக மடித்துப் போர்த்தினேன். கஞ்சி மொடமொடத்தது. தலையிலிருந்து கால் வரை சரியாக இருந்தது, ஒரு விரற்கடை கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மகளுக்காகவா, இந்த அம்மாளுக்காகவா, நான் குளத்தங்கரையில் ஏங்கியதற்காகவா என்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள், அண்ணன் எப்படி அழறாரு பாரு என்றார்கள்.

மூன்று ஐம்பதுக்குத் தூக்கினார்கள். நானும் கூடவே நடந்தேன். ஐந்தேகாலுக்கு மயானத்து வாசலில் போன் வந்தது. என் மனைவி பேசவே முடியாமல் திணறினாள். பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு கிராம். சௌமியாவுக்கு ரத்தம் நிற்காமல் போய், நாலு பாட்டில் ஏற்றி, கடைசி நிமிஷத்தில் நின்றதாம். "நம்ம பொண்ணு தங்கிட்டாளுங்க" என்றாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். குமார் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் துக்கமென்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கச்சேரி ரோட்டுக் கடை காலை ஒன்பது முதல் ஆறு வரை, வெள்ளிக்கிழமை மதியம் மூடல். மாரலியின் கதையைக் கேட்கத்தான் வந்தேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கு என்று கேட்டால் யார் பெயரையும் சொல்லாதீர்கள். உயரம் சொல்லவே சொல்லாதீர்கள். புத்தகத்தின் கடைசி வரி பொய்யில்லை. அவர் பெயரை இங்கே இன்னும் சொல்கிறார்கள், ஆனால் மெதுவாகச் சொல்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையை ஜன்னல் துணியில் சுற்றிக் கொடுத்த அப்பன் அந்தப் பூங்காச் சிலைக்குள் இருக்கிறான் என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நூலகத்துக்கு எழுதிப் போடலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை. நான் இங்கிலாந்து போகும்போது அந்தச் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன், அவ்வளவுதான்.

மயானத்திலிருந்து கிளம்பும்போது குமார் என்னை மாமா என்று கூப்பிட்டான். "பதினாறாம் நாளு வந்துடு மாமா. தாய்மாமன் நின்னாத்தான் காரியம் நல்லா நடக்கும்." தலையாட்டிவிட்டேன். கோவை ரயிலில் ஏறியபின்தான் கணக்குப் பார்த்தேன், என் விமானம் பதினான்காம் நாள். டிக்கெட்டை மாற்றினேன், பதினோராயிரம் ரூபாய் போயிற்று. மனைவிக்குப் போன் போட்டு மூன்று நாள் தள்ளி வருகிறேன் என்றேன். பேத்தியைப் பார்ப்பதைவிட அங்கே அப்படி என்ன வேலை என்று சண்டைக்கு வந்தாள்.

"தங்கச்சி காரியம்" என்றேன்.

போனில் பின்னால் குழந்தை அழுவது கேட்டது.

"உங்களுக்கு ஏதுங்க தங்கச்சி?" என்றாள்.